பாட்டாவா, கம்பூட்ஸா, சேஃப்டி சப்பாத்தா: கட்டட வேலைக்கு எதை வாங்குவது?

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டும் எந்த இடத்துக்குப் போனாலும் மேசன்மாரின் காலில் இருப்பது ரப்பர் பாட்டாதான். சிலர் அதையும் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரு சோடி சேஃப்டி சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் என்ன என்று யோசிக்கிற கொந்தராத்துக்காரர்களும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வீடு கட்டுவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடைக்குள் நுழைந்தால் ஒரே நிறத்தில், ஒரே தோற்றத்தில் பல விலைகளில் சப்பாத்துகள் அடுக்கியிருக்கும். முன்பக்கத்தைத் தட்டிக் காட்டி, "இரும்பு வைச்சது, பயமில்லாமல் கொண்டு போங்கோ" என்பார் கடைக்காரர். பலர் அதோடு தீர்மானித்துவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண வீட்டு வேலைக்கு வாங்க வேண்டியது கணுக்கால் மூடுகிற, தோலால் செய்த, எஸ்3 தரச் சப்பாத்து (ஆணியையும் ஓரளவு தண்ணீரையும் தாங்குகிற வகை, இந்த எழுத்துகளின் பொருளைக் கீழே சொல்கிறேன்). கொங்கிறீற் போடும் நாட்களுக்கும் மாரிக்கும் அதோடு ஒரு சோடி கம்பூட்ஸ், அதாவது தண்ணீர் புகாத உயரமான ரப்பர் பூட்ஸ். இரண்டையும் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகத்தை. முன்னால் உள்ள இரும்பு இரண்டாவதுதான்.

அடிப்பாகம் ஏன் முக்கியம்? நம்முடைய வேலைத்தளங்களில் காலுக்கு அடிக்கடி வரும் ஆபத்து மேலேயிருந்து விழுவதில்லை, கீழேயிருந்து ஏறுவது. கொங்கிறீற்றுக்கு அடித்த பலகைகளைக் கழற்றும் நாளை நினைத்துப் பாருங்கள். பலகையைப் பிரித்துக் கீழே போடுகிறார்கள், ஆணி மேலே பார்த்தபடி கிடக்கிறது, அதற்கு மேல் இன்னொரு பலகை விழுகிறது. அந்தக் குவியலுக்குள் பாட்டாவோடு நடக்கும்போது கறள் பிடித்த ஆணி ரப்பரையும் துளைத்து உள்ளங்காலுக்குள் போய்விடும். போகும்போது செருப்பின் ரப்பர்த் துணுக்கையும் அதில் ஒட்டியிருந்த அழுக்கையும் சேர்த்தே உள்ளே தள்ளும். ஆணி குத்தினால் ஏற்பூசி போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏற்பூசி ஏற்புவலியைத்தான் தடுக்கும். உள்ளே போன அழுக்கு சீழ் பிடிப்பதை அது தடுக்காது. மேலே வாய் மூடிய சிறு புள்ளியாகத் தெரிகிற காயம் உள்ளுக்குள் பழுதாகிக்கொண்டிருக்கலாம். சலரோகம் உள்ளவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் ஆணி ஏறியதே சிலருக்கு மாலையில் கால் கழுவும்போதுதான் தெரியவரும்.

ஆகவே ஆணி ஏறாத அடிப்பாகம் முதல் நிபந்தனை. இதில் இரண்டு வகை இருக்கிறது: உள்ளே இரும்புத் தகடு வைத்தது, நெருக்கமாக நெய்த வலுவான இழைத்துணி வைத்தது. கடைக்காரர் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார், கேட்டாலும் தெரிந்திருக்காது. ஒரு சிறு காந்தத்தைச் சப்பாத்துக்குள் விட்டு உள்பாதத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இரும்பு.

இரும்புத் தகட்டை எந்த மெல்லிய ஆணியும் எளிதில் துளைக்காது. ஆனால் அது பாதத்தின் ஓரம் வரை வராது, சுற்றிவர ஒரு இடைவெளி விடும். அதோடு சப்பாத்து மரக்கட்டைபோல் வளையாமல் நிற்கும். இழைத்துணி ஓரம் வரை மூடும், பாரம் குறைவு, காலோடு வளையும். அதன் பலவீனம் மெல்லிய ஆணி. இழைகளை அறுக்காமல் அவற்றுக்கு இடையே விலக்கிக்கொண்டு போகும். வழக்கமான சோதனை 4.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆணியை 1100 நியூட்டன் விசையில், அதாவது ஏறத்தாழ 112 கிலோ பாரத்தில், அழுத்திப் பார்ப்பது. நாங்கள் பலகைக்கு அடிக்கிற இரண்டு, இரண்டரை அங்குல ஆணிகளின் தடிப்போ கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர்தான். தடித்த ஆணிக்குத் தேறிய துணி மெல்லிய ஆணிக்குத் தேறும் என்று சொல்ல முடியாது.

இந்தக் குறையைக் கண்டுதான் சேஃப்டி சப்பாத்துகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20345இன் 2022 ஆம் ஆண்டுப் பதிப்பில் மூன்றாகப் பிரித்தார்கள். இரும்புத் தகடு வைத்தது வெறும் எஸ்3. துணி வைத்து, 4.5 மில்லிமீற்றர் ஆணிக்குத் தேறியது எஸ்3எல். துணி வைத்து, 3 மில்லிமீற்றர் ஆணிக்கும் தேறியது எஸ்3எஸ். நம்முடைய வேலைக்கு எஸ்3எஸ் கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. கிடைக்காவிட்டால் இரும்புத் தகடு வைத்த எஸ்3. எஸ்3எல் மூன்றாவது இடத்தில்தான் வரும். 2022க்கு முந்தைய பதிப்பின்படி செய்த சப்பாத்தில் எல்லாவற்றுக்கும் எஸ்3 என்றே இருக்கும். அங்கேதான் அந்தக் காந்தம் உதவும்.

மற்ற எழுத்துகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்1 என்றால் முன்பக்கக் கவசம் உண்டு, அடியில் ஆணிக்குத் தடுப்பு இல்லை. எஸ்1பி என்றால் ஆணித் தடுப்பு உண்டு, ஆனால் மேல்பகுதி தண்ணீரைத் தாங்காது. எஸ்2 தண்ணீரை ஓரளவு தாங்கும், ஆணியைத் தாங்காது. எஸ்3இல் இரண்டும் உண்டு, அடியில் பிடிமானத்துக்கு ஆழமான வரிகளும் உண்டு. எஸ்4உம் எஸ்5உம் கம்பூட்ஸ் வகை. அவற்றில் ஆணியைத் தாங்குவது எஸ்5. கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் எஸ்1 நிறைய இருக்கும். வழவழப்பான தளத்தில் பெட்டி தூக்குகிற களஞ்சியத்துக்கு அது போதும். வீடு கட்டும் இடத்துக்குப் போதாது.

சரி, முன்பக்க இரும்புக்கு வருவோம். ஐஎஸ்ஓ 20345இல் விரல் கவசம் 200 யூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோப் பாரம் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவது என்று எடுத்துக்கொள்ளலாம். இது நமக்கு நேரடியாகப் பொருந்துகிற அளவு. துளையில்லாத ஆறு அங்குலச் சீமெந்துக் கல் ஒன்று இருபது கிலோவைத் தாண்டும். அதை இடுப்பளவில் தூக்கிக்கொண்டு போகிறவரின் கை வழுக்கினால் விழுகிற அடி கிட்டத்தட்ட அதே 200 யூல். ஆகவே இதற்குக் குறைந்த கவசத்தை வாங்குவதில் பொருளில்லை. ஐஎஸ்ஓ 20346 என்று அச்சடித்த சப்பாத்தின் கவசம் 100 யூல்தான் தாங்கும். 20347 என்றால் கவசமே கட்டாயமில்லை. மூன்று எண்ணும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், கடைசி எண்ணைக் கவனியுங்கள். எண்ணே இல்லாமல் 'சேஃப்டி' என்று மட்டும் பொறித்திருந்தால் அது வெறும் தடித்த சப்பாத்து. அதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டாம்.

இரும்புக் கவசமா, பிளாஸ்ரிக் கலவைக் கவசமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே தரத்தில் தேறியிருந்தால் பாதுகாப்பு ஒன்றுதான். கலவைக் கவசம் பாரம் குறைவு, வெயிலில் சூடேறாது. கொஞ்சம் தடிப்பாகவும் விலை கூடவும் இருக்கும். வீட்டு வேலைக்கு இரும்பே போதும். பெரிய பாரம் விழுந்தால் இரும்பு மடிந்து விரலை வெட்டிவிடும் என்று ஒரு கதை எல்லாத் தளங்களிலும் உலவுகிறது. கவசத்தையே மடிக்கிற பாரம் வெறும் விரலை என்ன செய்திருக்கும் என்று யோசித்தால் அந்தக் கதை நிற்காது. ஆனால் ஒரு தடவை பலமாக அடிபட்ட சப்பாத்தை, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். கிணறு வெட்டவும் சுண்ணாம்புக்கல் பாறை உடைக்கவும் போகிறவர்களுக்கு விரல் கவசம் மட்டும் போதாது. உடைக்கும் மெசினின் முனை வழுக்கினால் விரலுக்குப் பின்னால், புறங்காலில்தான் இறங்கும். அவர்களுக்குப் புறங்காலையும் மூடுகிற கவசம் வைத்த சப்பாத்து வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மலிவைப் பார்க்க வேண்டாம்.

கம்பூட்ஸ் எப்போது?

கொங்கிறீற் போடும் நாளில் தோல் சப்பாத்து சரிவராது. ஈரச் சீமெந்தின் காரத்தன்மை பிஎச் 12க்கும் மேலே. அது காலின் தோலைச் சுடும், ஆனால் உடனே சுடாது. வேலை மும்முரத்தில் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து எரியத் தொடங்கும்போது தோல் வெந்திருக்கும். சீமெந்தில் உள்ள குரோமியத்தால் சிலருக்குத் தீராத சொறியும் வரும், பிறகு சீமெந்தைத் தொட்டாலே அரிக்கும். காலில் வெடிப்பும் சொறியுமாகத் திரிகிற மேசன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அதை வயதின் கணக்கில் போட்டுவிடுகிறோம்.

ஈரக் கொங்கிறீற்றுக்குள் நின்ற தோல் சப்பாத்து காய்ந்து வெடித்துவிடும். காலுக்கும் நல்லதல்ல, காசுக்கும் நட்டம். அங்கே முழங்காலுக்குக் கீழ் வரை வருகிற கம்பூட்ஸ்தான். அதைப் போடுவதற்கும் ஒரு முறை உண்டு. காற்சட்டையை பூட்ஸுக்குள் சொருகினால் தெறிக்கிற சாந்து வழிந்து உள்ளே இறங்கும். காற்சட்டை வெளியே தொங்க வேண்டும். உள்ளே சாந்து போய்விட்டால் கம்பூட்ஸ் பாட்டாவை விட மோசம், ஏனென்றால் சீமெந்து தோலோடு ஒட்டியபடி மாலை வரை இருக்கும். உடனே கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவி, சொக்ஸையும் மாற்ற வேண்டும்.

சாதாரண ரப்பர் கம்பூட்ஸா, எஸ்5ஆ? கலவை மெசினடியில் நிற்பவருக்கும் கொங்கிறீற் இழுத்து மட்டம் பார்ப்பவருக்கும் சாதாரணமானது ஒப்பேறும். பலகைக்கு மேலும் கம்பிக்கு மேலும் நடப்பவருக்கு எஸ்5. விலை வித்தியாசம் பெரிது என்பதால் எல்லாருக்கும் எஸ்5 வாங்கச் சொல்ல மாட்டேன்.

மாரிக்கு வந்தால் காரணமே வேறு. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அத்திவாரக் கிடங்கெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் எலியின் சலமும் கலந்திருக்கும். 2024 டிசம்பரில் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் குடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கிருமி பெரும்பாலும் போவது காலில் உள்ள சிறு காயங்கள், வெடிப்புகள் வழியாக. வயலில் இறங்குபவர்களை எச்சரிக்கிறோம். தண்ணீர் நிற்கிற கிடங்கை வெட்டித் துப்புரவாக்குகிற கூலியாளுக்கும் வாய்க்கால் துப்புரவு செய்பவருக்கும் அதே ஆபத்து இருக்கிறது. இங்கே தண்ணீர் புகாத சாதாரண கம்பூட்ஸ் விலையுயர்ந்த தோல் சப்பாத்தை வெல்லும். காய்ச்சல் பரவும் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றியும் கேட்டு வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சப்பாத்து

இது நம்மூருக்கே உரிய நான்காவது தெரிவு. ரொறன்ரோவிலிருந்து வரும் மாமா ஒரு பெட்டிக்குள் தன் பழைய வேலைச் சப்பாத்தையும் வைத்துக் கொண்டு வருவார். கனடாத் தரத்தில் வந்த சப்பாத்தில் பச்சை முக்கோண அடையாளம் தைத்திருந்தால் 125 யூல் விரல் கவசமும் ஆணித் தடுப்பும் இருக்கின்றன என்று பொருள். மஞ்சள் முக்கோணம் என்றால் ஆணித் தடுப்பு உண்டு, விரல் கவசம் 90 யூல். 200 யூலோடு ஒப்பிட்டால் இரண்டும் குறைவுதான், ஆனால் அடிப்பாகம் நல்லது என்பதால் நான் பச்சை முக்கோணத்தை ஒதுக்க மாட்டேன். உள்ளே பஞ்சுபோல் குளிர்காப்பு வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பனிக்குச் செய்ததைச் சித்திரை வெயிலில் போட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

பெரிய சிக்கல் வயது. சப்பாத்தின் அடிப்பாகம் பொலியூரத்தேன் என்றால், போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் ஈரக்காற்றும் சூடும் அதை உள்ளிருந்து சிதைக்கும். சில ஆண்டுகள் அலுமாரியில் கிடந்த 'புதுச்' சப்பாத்து முதல் நாளே மண்ணாங்கட்டிபோல் உதிர்வது இதனால்தான். இது கடைக்கும் பொருந்தும். தரமான சப்பாத்தில் நாக்கிலோ அடியிலோ செய்த ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதென்றால் விலை குறைத்தாலும் வேண்டாம். நம் காலநிலைக்கு ரப்பர் அடி வைத்தது பாரம் கூடினாலும் நீடிக்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஒருவர் போட்டுத் தேய்ந்த சப்பாத்து அவர் காலின் வடிவத்தில் இருக்கும் என்பதும் இருக்கிறது. மாமாவின் கால் மருமகனுக்குப் பொருந்த வேண்டுமே.

மின்சார வேலைக்கு ஒரு எச்சரிக்கை. எஸ் எழுத்துள்ள சப்பாத்துகள் நிலைமின்னைத் தரைக்குக் கடத்திவிடச் செய்தவை, மின்சாரத்தைத் தடுக்கச் செய்தவை அல்ல. 'சேஃப்டி சப்பாத்துப் போட்டிருக்கிறேன்' என்ற தைரியத்தில் 230 வோல்ட் உள்ள கம்பியில் கை வைக்க முடியாது. மின்தடுப்புக்குத் தனி வகை உண்டு. கனடாச் சப்பாத்தில் வெள்ளைப் பட்டியில் செம்மஞ்சள் நிற ஒமேகாக் குறி அதற்கானது. அதுவும் காய்ந்து, ஓட்டையில்லாமல் இருந்தால்தான் பலன். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துவதற்கு எந்தச் சப்பாத்தும் மாற்றாகாது.

வெல்டிங்காரருக்கு வலைத்துணி வைத்த ஸ்போர்ட்ஸ் மாதிரியான சேஃப்டி சப்பாத்து ஆகவே ஆகாது. தீப்பொறி விழுந்த இடத்தில் உருகிக் காலோடு ஒட்டும். தோலால் செய்த, நாடா வெளியே தெரியாத சப்பாத்து வேண்டும், காற்சட்டை அதை மூடியிருக்க வேண்டும்.

வேலையாட்கள் போடுவார்களா?

இதுதான் உண்மையான கேள்வி. வாங்கிக் கொடுத்த சப்பாத்து இரண்டாம் நாள் சீமெந்துப் பைகளுக்குப் பின்னால் கிடப்பதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். "அண்ணை, இதைப் போட்டுக்கொண்டு சாரத்தில ஏறேலாது" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உருண்டைத் தடியால் கட்டிய சாரத்தில் வெறுங்கால் விரல்கள் பிடித்துக்கொள்ளும். வளையாத இரும்புத் தகட்டுச் சப்பாத்து உருளும். இதற்கு மறுமொழி 'சொன்னதைச் செய்' அல்ல. சாரத்தில் மிதிக்கப் பலகை போட வேண்டும், ஏற ஏணி வைக்க வேண்டும். அப்புறம்தான் சப்பாத்தைப் பற்றிப் பேசலாம். அது முடியாத இடத்தில் பூசுகிறவருக்கு வளையக்கூடிய எஸ்3எஸ் வாங்கிக் கொடுங்கள்.

புழுக்கம் அடுத்த முறைப்பாடு. எஸ்1பி வகையில் காற்றோட்டமான மேல்பகுதி கிடைக்கும்; கோடையில் உலர்ந்த வேலைக்கு, ஓடு மாற்றுவது, கம்பி கட்டுவது போன்றவற்றுக்கு, அது நல்ல தெரிவு. எஸ்3 போடுபவருக்குப் பருத்திச் சொக்ஸ் இரண்டு சோடி சேர்த்துக் கொடுத்தால் பாதி முறைப்பாடு குறையும். நனைந்த சப்பாத்தை வெயிலில் காயப் போட வேண்டாம், தோல் வெடிக்கும். சீமெந்தைக் கழுவி, பழைய உதயன் பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வைத்தால் காலையில் காய்ந்திருக்கும்.

மூன்றாவது முறைப்பாடு அளவு. வாழ்நாள் முழுக்கச் செருப்போடு நடந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இரும்புக் கவசம் சின்னி விரலைத் தேய்த்துப் புண்ணாக்கும். சலரோகம் உள்ளவருக்கு அந்தப் புண்ணே ஆணி குத்தியதற்குச் சமமான ஆபத்து. ஆகவே ஆளைக் கேட்காமல் எட்டுச் சோடி மொத்தமாக வாங்கி வந்து பங்கிடுவது வீண் வேலை. அவர்களையே கடைக்குக் கூட்டிப் போங்கள், மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சொக்ஸோடு போட்டு நடந்து பார்க்க விடுங்கள். ஒரு சோடியை இருவர் மாறி மாறிப் போடுவதும் வேண்டாம். கம்பூட்ஸும் அப்படித்தான்.

எல்லாருக்கும் ஒரே தடவையில் வாங்கக் காசில்லை என்றால் யாருக்கு முதலில்? பலகை கழற்றுபவர்களுக்கு. அவர்களுக்குப் பின்னால் வந்து அந்தப் பலகைகளை அள்ளி ஆணி பிடுங்குகிற உதவியாளுக்கும் அதே சமயத்தில். அவர்தான் தளத்திலேயே குறைந்த சம்பளக்காரர், அவரைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அடுத்தது கொங்கிறீற்றுக்குள் நிற்பவர்களுக்குக் கம்பூட்ஸ். அடுத்தது கல் தூக்குபவர்களும் கம்பி வளைப்பவர்களும். வயதானவரோ சலரோகக்காரரோ இருந்தால் வேலை எதுவானாலும் அவரை வரிசையில் முன்னுக்குக் கொண்டு வாருங்கள். மேற்பார்வைக்கு வந்து நிழலில் நிற்கிற கொந்தராத்துக்காரர் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பலகை கழற்றும் நாளில் தளத்துக்குள் இறங்குவதானால் அவரும் வாங்கியிருக்க வேண்டும்.